பெரிய எண்ணைக் குடைந்து பார்க்க பாரி-ஜிபி: எதை நம்பலாம், எங்கே நிதானிக்க வேண்டும்

147573952589676412927 என்ற எண்ணை எக்செல் கட்டம் ஒன்றில் போட்டுப் பாருங்கள். 147573952589676000000 என்று நிற்கும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை, மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிடுகிறது. ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாகிவிட்டது. பத்து லட்சத்தால் மீதியில்லாமல் வகுபடவும் தொடங்கிவிட்டது. பெரிய முழு எண் ஒன்றின் குணங்களைப் பார்க்க உட்காரும்போது முதல் தேவை, கடைசி இலக்கம் வரை எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் கருவி. அதை பைத்தான் மொழிகூடச் செய்யும். அடுத்த தேவைதான் கடினமானது: அந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா, காரணிகள் எவை, வகுத்திகள் எத்தனை என்று கேட்டால் சட்டென்று, சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் நிறுவ வேண்டியது பாரி-ஜிபிதான். பிரான்சின் போர்தோவில் ஆன்றி கோஎன் குழுவினர் தொடங்கியது. இப்போதும் அங்கேயே கரீம் பெலபாஸ் பொறுப்பில் வளர்ந்துகொண்டிருக்கிறது. பாரி என்பது சி மொழியில் எழுதப்பட்ட நூலகம், ஜிபி என்பது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கணிப்பான். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், காசு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும். ஒரு எண்ணைப் பகா எண் என்று இது காட்டும்போது, அது எந்தக் கட்டளையின் வாயிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அந்தச் சொல்லின் எடை மாறும். சில இடங்களில் அது நிரூபணம், சில இடங்களில் மிக வலுவான நம்பிக்கை, ஓரிடத்தில் வெறும் மிச்சம். இந்த வேறுபாட்டைத் திரை தானாகச் சொல்லாது. இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. விண்டோஸுக்கு நிறுவி இருக்கிறது, லினக்ஸ் வகைகளில் பொதியாகவே கிடைக்கிறது, மேக்கில் ஹோம்புரூ வழியாக வரும். நிறுவ மனமில்லாதவர்கள் அதன் இணையதளத்தில் உலாவிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். சின்ன எண்களுக்கு அது போதும், நீண்ட கணக்குக்கு நிறுவிய பதிப்புதான் வேகம். திறந்ததும் வரும் முகப்பு வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அதில் ஜிஎம்பி என்ற பெயர் இருந்தால் பெருக்கல், வகுத்தலுக்கு அந்த வேகமான நூலகம் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆயிரக்கணக்கான இலக்கங்களில் இந்த ஒரு இணைப்பு நன்றாகவே வித்தியாசம் காட்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது பெரும்பாலானவை ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு வேறு வேறு.

மேலே சொன்ன எண் 2⁶⁷ − 1. 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் பகா எண் என்று இடம்பிடித்தது. 1876-இல் லூகாஸ் அது பகா எண் அல்ல என்று காட்டினார், ஆனால் எந்தக் காரணியையும் சொல்ல முடியவில்லை. 1903-இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளைக் கொண்டுவந்தார். ஜிபியில் ஃபேக்டர் கட்டளைக்குள் 2⁶⁷ − 1 என்று கொடுத்து உள்ளிடும் விசையை அழுத்தினால், கை எடுப்பதற்குள் இரண்டு வரிகள் வந்து நிற்கும்: 193707721, பக்கத்தில் 1. அதன் கீழே 761838257287, பக்கத்தில் 1. இடது பத்தியில் காரணி, வலது பத்தியில் அதன் அடுக்கு.

இந்த இரண்டு பத்தி அணியை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் தவறவிடும் வசதி இது. வகுத்திகளின் எண்ணிக்கைக்கு நம்டிவ், வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு சிக்மா, ஆய்லர் சார்புக்கு (எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது) ஆய்லர்ஃபை என்று தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. எண்ணையே கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு முதலிலிருந்து காரணிப்படுத்தும். காரணி அணியைக் கொடுத்தால் அந்த வேலை மிச்சம். 21 இலக்கத்தில் இது பொருட்டல்ல. 80 இலக்க எண்ணில் மூன்று கட்டளைக்கு மூன்று முறை காத்திருக்க நேரிடும். நம் எண்ணுக்கு விடைகள்: வகுத்திகள் 4, வகுத்திகளின் கூட்டுத்தொகை 147573953351708377936, ஆய்லர் மதிப்பு 147573951827644447920. கூட்டுத்தொகை எண்ணின் இரு மடங்கைவிட வெகுவாகக் குறைவு. இரண்டே இரண்டு பெரிய பகாக் காரணிகள் கொண்ட எண்ணில் வேறெதுவும் எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒரு பிரிவினையைக் கவனியுங்கள். ஒரு எண்ணின் சில குணங்கள் காரணி தெரியாமலே கிடைத்துவிடும். எத்தனை இலக்கம், இலக்கங்களின் கூட்டுத்தொகை என்ன (நம் எண்ணுக்கு 109), இருமத்தில் எத்தனை ஒன்றுகள் (67, எல்லா இடமும் ஒன்றுதான்), முழு வர்க்கமா, வேறு ஏதாவது எண்ணின் அடுக்கா, குறிப்பிட்ட எண்ணால் வகுத்தால் மீதி என்ன, பகா எண்ணா இல்லையா. இவை ஆயிரம் இலக்கத்திலும் கட்டுப்படியாகும். வகுத்தி எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஆய்லர் மதிப்பு, மோபியஸ் மதிப்பு (வர்க்கக் காரணி இருந்தால் 0, இல்லையென்றால் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டையானால் 1, ஒற்றையானால் −1), வர்க்கக் காரணி இல்லாத எண்ணா என்பது, இவை எல்லாம் காரணி கிடைத்தால்தான். ஜிபி இரண்டு வகைக்கும் ஒரே மாதிரிச் சின்னக் கட்டளையைத் தருகிறது. ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதும் அடுத்தது விடியும் வரை ஓடுவதும் இதனால்தான். முந்நூறு இலக்க எண் ஒன்றுக்கு மோபியஸ் மதிப்பைக் கேட்டுவிட்டுக் கணிப்பான் உறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது உள்ளே காரணிப்படுத்திக்கொண்டிருக்கிறது.

பகா எண் சோதனைக்கு வருவோம். பள்ளிக் கணக்குக்கு அடுத்த படி ஃபெர்மா சோதனை: 2-ஐ எண்ணில் ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. மீதி 1 இல்லையென்றால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் பகா எண்ணாக இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' எவ்வளவு வழுக்கும் என்பதற்கு நம் எண்ணே சாட்சி. 2⁶⁷ − 1-க்கு 2-ஐ அடியாக வைத்துச் சோதித்தால் மீதி 1 வருகிறது. தற்செயல் இல்லை, காரணம் இருக்கிறது: இந்த எண்ணைப் பொறுத்து 2-இன் 67-ஆவது அடுக்கின் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கோ 67-இன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே தீரும். பகா அடுக்கு கொண்ட எல்லா மெர்சென் எண்களும் (2-இன் அடுக்கிலிருந்து 1 குறைத்தவை) இந்தச் சோதனையை இப்படியே தாண்டிவிடும். 3-ஐ அடியாக வைத்ததும் குட்டு உடைகிறது.

அப்படியென்றால் நிறைய அடிகளை வைத்துச் சோதித்தால் போயிற்று என்று தோன்றும். ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்-ராபின் சோதனையை ஏதாவது ஒரு மொழியில் பத்து வரியில் எழுதி, 2, 3, 5, 7 என்று சில அடிகளை நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறவர்கள் ஏராளம். 341550071728321 என்ற எண் 2 முதல் 17 வரையிலான ஏழு பகா அடிகளையும் ஏமாற்றும். அது 10670053-ஐ 32010157-ஆல் பெருக்கி வந்தது. 3825123056546413051 இன்னும் கெட்டிக்காரன்: 2 முதல் 23 வரை ஒன்பது அடிகளிலும் பகா எண் போலவே நடக்கும், ஆனால் 149491, 747451, 34233211 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். நீங்கள் எழுதிய நிரல் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். ஒன்றையாவது பகா எண் என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

ஜிபி இந்த வலையில் விழுவதில்லை. இஸ்சூடோபிரைம் கட்டளை பெய்லி-பிஎஸ்டபிள்யூ சோதனையைச் செய்கிறது: 2-ஐ அடியாக வைத்த வலுவான சோதனை ஒன்று, அதோடு முற்றிலும் வேறு தன்மையுள்ள லூகாஸ் சோதனை ஒன்று. ஒன்றை ஏமாற்றும் எண் மற்றதில் மாட்டிக்கொள்ளும். 2⁶⁴ வரை, அதாவது 18446744073709551616 வரை, இந்த இரட்டைச் சோதனையை ஏமாற்றும் எண் ஒன்றுகூட இல்லை என்பது முழுமையாகச் சரிபார்க்கப்பட்டுவிட்டது. எனவே 19 இலக்கம் வரை இஸ்சூடோபிரைம் சொல்வது நிரூபணத்துக்குச் சமம். அதற்கு மேல் இதுவரை ஒரு விதிவிலக்கும் சிக்கவில்லை, ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. நிரூபணம் தேவையென்றால் இஸ்பிரைம். அது அதே இரட்டைச் சோதனையில் தொடங்கி, அதைத் தாண்டிய எண்ணுக்கு ஏபிஆர் முறை, நீள்வட்ட வளைவு முறை என்று எண்ணுக்கேற்ற வழியில் நிரூபணம் வரை போகும். ஆயிரம் இலக்கப் பகா எண்ணுக்கு முன்னது ஒரு நொடிக்குள் முடியும், பின்னதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். பிரைம்செர்ட் என்ற கட்டளை கொடுத்தால் நிரூபணத்தைச் சான்றாகவே எழுதித் தரும், இன்னொருவர் அதைத் தனியாகச் சரிபார்க்கலாம். இந்தச் சான்று வசதி எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. என் கணினி சொன்னது என்பதைவிட இதோ சான்று, நீங்களே பாருங்கள் என்பது எவ்வளவோ மேல்.

இனி எச்சரிக்கை. ஃபேக்டர் காட்டும் காரணிகள் இயல்பு நிலையில் இஸ்சூடோபிரைம் அளவில் மட்டுமே சோதிக்கப்பட்டவை. கையேடு இதை மறைக்கவில்லை, ஆனால் திரையில் எந்தக் குறியும் இருக்காது. 'ஃபேக்டர் புரூவன்' என்ற அமைப்பை 1 ஆக்கினால் ஒவ்வொரு காரணிக்கும் நிரூபணம் செய்த பிறகே காட்டும். இதை நிரந்தரமாகப் போட்டுவிடுவது நல்லது. காரணி கண்டுபிடிக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் நிரூபண நேரம் பெரும்பாலும் தூசு.

இதைவிட ஆபத்தானது பகுதிக் காரணிப்படுத்தல். ஃபேக்டர் கட்டளைக்கு எண்ணோடு ஒரு வரம்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். பத்து லட்சம் என்று கொடுத்தால் பத்து லட்சத்துக்குள் இருக்கும் பகாக் காரணிகளை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே கடைசி வரியில் வைத்துவிடும். அந்தக் கடைசி வரி மற்ற பகாக் காரணிகள் நிற்கும் அதே பத்தியில், அதே தோற்றத்தில் நிற்கும். 2⁶⁷ − 1-க்கு அந்த வரம்பைக் கொடுத்தால் எண் முழுசாக ஒரே வரியில் அடுக்கு 1 என்று திரும்பி வரும், ஏதோ பகா எண் போல. அதன் சின்னக் காரணியே 19 கோடியைத் தாண்டியது, பிறகு எப்படிச் சிக்கும்? வரம்பு கொடுத்து வாங்கிய அணியை நம்டிவ்வுக்கோ சிக்மாவுக்கோ கொடுத்தால் தப்பான விடை சத்தமில்லாமல் வந்து நிற்கும். கடைசி வரியை இஸ்பிரைம் வழியாகத் தள்ளிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

எவ்வளவு பெரிய எண்ணை இது தாங்கும் என்ற கேள்வியே கொஞ்சம் பிசகானது. 100-இன் தொடர் பெருக்கம், அதாவது 1 முதல் 100 வரை பெருக்கிய எண், 158 இலக்கம் கொண்டது. ஜிபி அதை உடனே பிரித்துவிடும், ஏனென்றால் அதில் 97-க்கு மேல் பகாக் காரணியே இல்லை. கடைசியில் எத்தனை பூச்சியம் என்று வேல்யுவேஷன் கட்டளையிடம் 5-ஐக் கொடுத்துக் கேட்டால் 24 என்று சொல்லும். வகுத்திகள் 39001250856960000. ஆனால் ஐம்பது இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கிக் கொடுங்கள், மூச்சு வாங்கும். எண்ணின் நீளம் அல்ல, இரண்டாவது பெரிய பகாக் காரணியின் நீளம்தான் வேலையை நிர்ணயிக்கிறது.

உள்ளே நடப்பது படிப்படியானது. முதலில் சின்னப் பகா எண்களால் வகுத்துப் பார்க்கும். அடுத்து பொலார்டு ரோ முறை, ஷாங்ஸின் வர்க்க வடிவ முறை, பிறகு நீள்வட்ட வளைவு முறை, கடைசியில் பல்லுறுப்பு இருபடிச் சல்லடை. இரண்டு சம நீளக் காரணிகள் கொண்ட எண் என்று வைத்துக்கொண்டால், இன்றைய சாதாரண மடிக்கணினியில் 40 இலக்கம் உடனடி, 60 இலக்கம் சில நொடிகள், 80 இலக்கம் நிமிடங்கள், 100 இலக்கம் மணிக்கணக்கு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சல்லடை தன்னால் முடியாது என்று எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறகு நீள்வட்ட வளைவு முறை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். கணக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க, பின்சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலச் சிறிய 'ஜி' எழுத்தும் 4-உம் தட்டினால் நடப்பதை வரிவரியாகக் காட்டும். அறுபது நொடிக்கு மேல் போகக் கூடாது என்றால் அலாரம் என்ற கட்டளைக்குள் 60-ஐயும் ஃபேக்டர் கட்டளையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

எண்ணின் பிறப்பு உங்களுக்குத் தெரியும், ஜிபிக்குத் தெரியாது. அதற்குப் போய்ச் சேர்வது இலக்கங்கள் மட்டுமே. 2⁴⁰² − 1 என்பது 122 இலக்கம். நேராக ஃபேக்டருக்குள் போட்டால் தேவையில்லாமல் இழுத்தடிக்கலாம். ஆனால் 402-க்கு 1, 2, 3, 6, 67, 134, 201, 402 என்று எட்டு வகுத்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகுத்திக்கும் ஒரு வட்டப் பகுப்புப் பல்லுறுப்புக் கோவை உண்டு. அந்த எட்டிலும் 2-ஐப் போட்டுக் கிடைக்கும் எட்டு எண்களைப் பெருக்கினால் அதே 2⁴⁰² − 1. ஃபோர்டிவ் கட்டளையில் 402-ஐக் கொடுத்து, உள்ளே பால்சைக்ளோவில் அந்த வகுத்தியையும் 2-ஐயும் கொடுத்து, அதை ஃபேக்டருக்குள் வைத்து, விடை திரையில் தெரிய பிரின்ட்டுக்குள் போட்டால் ஒரே வரியில் வேலை முடிந்தது. மிகப் பெரிய துண்டே 40 இலக்கம் சுற்றித்தான் வரும். 67-க்கு உரிய துண்டு எது தெரியுமா, நாம் தொடங்கிய அதே எண்.

அந்த எண்ணின் காரணிகளுக்கும் ஒரு வடிவம் உண்டு. 2⁶⁷ − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வந்தாக வேண்டும். 193707721 என்பது 134-ஐ 1445580-ஆல் பெருக்கி 1 கூட்டியது, 8-ஆல் வகுத்தால் மீதி 1. இன்னொன்று 134-ஐ 5685360129-ஆல் பெருக்கி 1 கூட்டியது, மீதி 7. இந்த வடிவத்தை வைத்து ஜிபியில் ஒரு சின்னச் சுழற்சி எழுதினால், பதினான்கரை லட்சம் படிகளுக்குள் முதல் காரணி அகப்பட்டுவிடும். அதுவும் சில நொடி வேலைதான். ஃபேக்டரின் உதவியில்லாமல் ஒரு எண்ணைத் திறப்பதில் கிடைக்கும் தெளிவுக்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

வகுத்திகள் பக்கம் இது எவ்வளவு சுகமாக வேலை செய்கிறது என்பதற்கு ராமானுஜனின் உயர் பகு எண்களை எடுத்துக்கொள்ளலாம். தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை அவை. 1915-இல் வெளியான அவருடைய கட்டுரையில் 6746328388800 வரை 102 எண்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இடையில் ஒன்றே ஒன்று விடுபட்டது: 293318625600. இதை ஃபேக்டருக்குக் கொடுத்தால் 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று பகா எண்கள் இடைவெளியில்லாமல் வரிசையாக வரும், அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. வகுத்திகள் 5040. இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800 கிடைக்கும், வகுத்திகள் சரியாக இரு மடங்கு, 10080. காகிதத்தில் கையால் எண்ணி எண்ணி அந்தப் பட்டியலைக் கட்டியவரின் உழைப்பு, இந்த இரண்டு வரிகளைத் திரையில் பார்க்கும்போதுதான் உண்மையில் உறைக்கிறது.

ஒரு எண் உயர் பகு எண்தானா என்று சரிபார்க்க 1-இலிருந்து ஒவ்வொரு எண்ணாக நம்டிவ் போட்டுப் பார்த்தால் 29 ஆயிரம் கோடிக்கு மேல் எண்கள், வேலைக்கு ஆகாது. அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் இருக்க வேண்டும், பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளி விடாமல் வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைக்கு உட்பட்ட எண்களை மட்டும் உருவாக்கி ஒப்பிட்டால் போதும். அப்படி வருபவை சில ஆயிரம்தான், உடனே முடியும்.

குறைகளையும் விடாமல் சொல்ல வேண்டும். முதல் குறை, பிழை எழுத்துக்கு இது காட்டும் பெருந்தன்மை. மதிப்பு கொடுக்காத பெயர் எதைத் தட்டினாலும் அதைப் பல்லுறுப்புக் கோவையின் மாறி என்று எடுத்துக்கொள்ளும். எண்ணை வைத்திருக்கும் மாறியின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டால் பிழைச் செய்தி வராது. அந்தப் பெயரே காரணி என்று, அடுக்கு 1 என்று, அமைதியாகப் பதில் வரும். விடையில் இலக்கத்துக்குப் பதில் எழுத்து தெரிந்தால் முதலில் பெயரைப் பாருங்கள்.

இரண்டாவது, மீதி காணும் வழி. 2-ஐ எண்ணில் ஒன்று குறைவான அடுக்குக்கு முதலில் உயர்த்திவிட்டுப் பிறகு வகுக்கச் சொன்னால், பல லட்சம் கோடி கோடி பிட் நீளமுள்ள எண்ணை உருவாக்கப் பார்த்து உடனே பிழையோடு நிற்கும். 2-ஐ முதலிலேயே மாட் கட்டளைக்குள் எண்ணோடு சேர்த்து வைத்துவிட்டு, அதன் பிறகு அடுக்கு ஏற்றினால் ஒவ்வொரு படியிலும் மீதி மட்டும் தங்கும், கண நேரத்தில் விடை. எழுத்தளவில் சின்ன மாற்றம், விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது, தசமக் கட்டளைகள். வர்க்கமூலமும் மடக்கையும் இயல்பு நிலையில் 38 இலக்கத் துல்லியத்தோடுதான் வரும். நூறு இலக்க எண்ணை வர்க்கமூலம் எடுத்து முழு எண்ணாக வருகிறதா என்று பார்ப்பது தவறான வழி, இஸ்ஸ்குவேர் அல்லது எஸ்கியூஆர்டிஇன்ட் பயன்படுத்துங்கள். இலக்கம் எண்ண மடக்கையை நம்பினால், 10⁵⁰ − 1 போன்ற விளிம்பில் நிற்கும் எண்ணுக்கு 50-க்குப் பதில் 51 என்று ஏமாறலாம். லாக்இன்ட் முழு எண்ணிலேயே கணக்கிடும், 10-ஐ அடியாகக் கொடுத்தால் அதில் வரும் விடையோடு 1 கூட்டினால் இலக்க எண்ணிக்கை.

நினைவகம் நான்காவது. பல நிறுவல்களில் இது 80 லட்சம் பைட் நினைவக அடுக்கோடு (ஸ்டாக்) தொடங்குகிறது. 100-இன் தொடர் பெருக்கத்துக்கு நம்டிவ் கேட்பது சரி. அதே எண்ணின் வகுத்திகளைப் பட்டியலாகக் கேட்கும் டிவைசர்ஸ் கட்டளை எந்த நினைவகத்திலும் அடங்காது, அடுக்கு நிரம்பி வழிகிறது என்ற செய்தியோடு நிற்கும். 2024-இல் அறிவிக்கப்பட்ட, அப்போது தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 41024320 இலக்கம் கொண்டது. அதை வைத்துக்கொள்ளவே ஒரு கோடியே எழுபது லட்சம் பைட் வேண்டும், இயல்பு அடுக்கில் நுழையவே நுழையாது. உச்ச வரம்பை நான்கு கிகாபைட் என்று உயர்த்திவிட்டால் நுழையும். ஆனால் அதன் பகாத்தன்மையைச் சோதிக்கும் இடம் இது அல்ல, மெர்சென் எண்களுக்கென்றே எழுதப்பட்ட தனி மென்பொருள்கள் இருக்கின்றன.

ஐந்தாவதுதான் உண்மையிலேயே வலிக்கும் குறை. நீண்ட காரணிப்படுத்தலை இடையில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. நான்கு மணி நேரம் ஓடியது மின்சாரத்தோடு போய்விடும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் 'பிரேக்' என்ற தனிக் குறி வந்து நிற்கும். அங்கிருந்து வெளியேற பிரேக் என்று தட்ட வேண்டும், அதற்குள்ளேயே அடுத்த கட்டளைகளைப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்: லினக்ஸோடு வரும் ஃபேக்டர் கட்டளை சின்ன எண்களுக்கு வேகமானது, நிறுவவும் வேண்டாம். ஆனால் அது ரோ முறையை நம்புவதால், இரண்டு பெரிய காரணிகள் கொண்ட எண் நாற்பது இலக்கத்தைத் தாண்டினால் திணறும், பகாக் காரணிகளைத் தவிர வேறு குணங்களைச் சொல்லவும் சொல்லாது. பைத்தானில் சிம்பை என்ற நூலகம் எல்லாவற்றையும் தொடும், வேகம் போதாது. காரணிப்படுத்தல் ஒன்றே குறி, எண் 80 முதல் 100 இலக்கம் என்றால் யாஃபூ என்ற நிரலுக்குப் போங்கள். கணினிச் செயலியின் பல கருக்களையும் பயன்படுத்தும், இடையில் நிறுத்தித் தொடரவும் விடும். அதற்கும் மேல் காடோ-என்எஃப்எஸ். 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 எண்ணை 2020-இல் பிரித்தது அதுதான், ஏறத்தாழ 2700 கரு-ஆண்டு (ஒரே கரு ஓடினால் 2700 ஆண்டு) வேலை. ஃபேக்டர்டிபி இணையதளத்தை இவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது, அது ஏற்கெனவே கிடைத்த காரணிகளின் களஞ்சியம். நீண்ட கணக்கைத் தொடங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை தேடிவிடுவது பழக்கமாகட்டும். நிரூபிக்கப்பட்ட பகா எண்ணுக்கும் பகா எண்ணாகத் தோன்றும் எண்ணுக்கும் அது தனித்தனிக் குறி போடுகிறது. ஜிபி தன் ஃபேக்டர் விடையில் பின்பற்ற வேண்டிய பழக்கம் அது.

நிறுவியதும் செய்ய வேண்டியது: உங்கள் கோப்புறையில் 'ஜிபிஆர்சி' என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து மூன்று வரிகள் சேர்க்கவும். நினைவக அடுக்கின் உச்ச வரம்பு உங்கள் நினைவகத்தில் பாதி. ஃபேக்டர் புரூவன் 1. டைமர் 1, ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று தானாகக் காட்டும். பிறகு ஜிபியை மூடித் திறந்து 3825123056546413051-ஐ ஃபேக்டருக்குக் கொடுங்கள். மூன்று வரிகள் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.